வாசற்படிக்கு ஒரு டிக்கெட்

அவர் விசிலடித்தால் எதிர்த்திசையில் போகிற பேருந்துகூட நின்றுவிடும் என்பார்கள். தெருச்சண்டையில் ஓங்கின கை கன்னத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் அப்படியே நின்றுபோனதாம். கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்ய ஏழெட்டுப் பேர் இப்போதும் இருக்கிறார்கள். அதனால் கண்டக்டருக்கு விசில்காரர் என்றே பெயர். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. இருபத்திரண்டு வருடம் அதற்குமேல் அவருக்குப் பாஷை தேவைப்படவில்லை.

ஒருநாள் அவர் இரண்டு விசில் கொடுத்தபோது, பின்படியில் ஒருவர் ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றியிருந்தார். விழுந்தவர் இரண்டே மாதத்தில் எழுந்து நடந்தார். விழாத விசில்காரர்தான் எழுந்திருக்கவில்லை. வீட்டு வாசற்படியில் கால் வைத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், சட்டை தொப்பலாக நனைந்துவிடும். வேலையும் போயிற்று.

மனநல மருத்துவர் இருந்ததோ மூன்று மணி நேரப் பயணத்துக்கு அப்பால். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த மனைவி, தன் வேலையோடு வந்த மருத்துவக் காப்பீட்டுப் புத்தகத்தைத் துருவித் துருவிப் படித்தாள்.

“என்னங்க, வீட்ட விட்டு வெளிய போக முடியாதவங்க வீடியோவுலயே டாக்டரப் பாக்கலாமாம். செலவு காப்பீட்டுக் கம்பெனியோடது.”

வியாழக்கிழமை பத்து மணிக்கு போன் திரையில் டாக்டரம்மா வந்தார். சின்ன வயது, பெரிய கெட்டிக்காரி.

“கண்டக்டர் சார், வாசப்படி முதல் ஸ்டேஜ். தெருவாசல் கேட்டு ரெண்டாவது. முனைக்கடை மூணாவது. வண்டி மெதுவாவே போகட்டும்.”

டிப்போவில் கழித்துப்போட்ட பழைய டிக்கெட் கட்டு ஒன்று அவர் பெட்டியில் கிடந்தது. ஆறு வாரம் கழித்து வாசற்படியில் நின்ற அன்று, அதிலிருந்து ஒன்றைக் கிழித்து, தேதி எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“பாஸ் வச்சிருக்கேன் கண்டக்டர், தள்ளுங்க,” என்று மனைவி அவரை இடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். அவர் சிரித்துவிட்டார். சிரித்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஐந்து மாதத்தில் வாசற்படிக்கு எட்டு டிக்கெட், கேட்டுக்கு மூன்று.

ஆறாவது மாதம் காப்பீட்டைப் புதுப்பிக்கப் படிவம் வந்தது. ‘சிகிச்சையால் முன்னேற்றம் உண்டா? சான்று இணைக்கவும்.’ மனைவி பள்ளிக்குப் போயிருந்தாள். போனதற்குச் சான்று டிக்கெட்தானே? பதினொன்றையும் வரிசையாகக் குத்தி அனுப்பினார்.

பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. தேன் ஒழுகும் குரல்.

“சார், நீங்க பதினோரு தடவ பஸ்ல போயிருக்கீங்க. அப்போ ஆஸ்பத்திரிக்கு நேர்லயே போகலாமே?”

“பஸ்ஸுல இல்லம்மா. அது எங்க வீட்டு வாசப்படிக்குக் கிழிச்சது.”

“வாசப்படிக்கா?” சிரிப்பை விழுங்குவது கேட்டது. “சரி, செல்லாத டிக்கெட்டுன்னு எழுதிக்கவா சார்?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் கேட்டது கண்டக்டரிடம்.

“நான் கிழிச்சு எந்த டிக்கெட்டும்மா செல்லாம போயிருக்கு? இருபத்திரெண்டு வருஷம்!”

“நன்றி சார். பதிவாயிடுச்சு.”

அடுத்த வாரமே கடிதம். நோயாளி பயணம் செய்யும் நிலையில் இருப்பதால் திரைவழிச் சிகிச்சைக்கு இனிக் காப்பீடு கிடையாது. டாக்டரம்மா மன்றாடி நான்கு பக்கம் எழுதினார். அதற்கும் பதில் வந்தது: மேல்முறையீட்டுக்கு நோயாளி தலைமை அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்.

“ஒழுங்கா அந்த டிக்கெட் பெட்டியப் பூட்டி வச்சிட்டுப் போயிருக்கணும் நான்,” என்றாள் மனைவி.

வியாழக்கிழமை பத்து மணி. விடுப்பு எடுத்திருந்த மனைவி கதவைத் திறந்து வைத்தாள். “வாங்க. முனைக்கடை வரைக்கும் நான் கூட வரேன்.”

அவர் எழுந்தார், வாசற்படி வரை வந்தார். இருண்டு கிடந்த போனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து வாயில் வைத்தார். மனைவி இரண்டாவது விசிலுக்காகக் காத்திருந்தாள்.

ஒன்றுதான் வந்தது. பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.