முன்னால் போகிறவரின் கால்சத்தம்

போடிக் கண்மாயில் தை மாதம் நடக்கும் நீச்சல் போட்டியில் அவர் எப்போதும் இரண்டாவதாகத்தான் வருவார். மூன்று வருடம் முடிவுப் பட்டியலை எழுதியவன் நான் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். அப்போது நான் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. கையெழுத்து நன்றாக இருந்த குற்றத்துக்காகப் போட்டிக் குழுவுக்கும் என்னையே எழுத்தராக்கியிருந்தார்கள். ஆங்கிலப் புத்தகம் ஒன்றிலிருந்து விதிகளைத் தமிழாக்கியதும் நான்தான். அவற்றை முழுவதும் படித்ததும் நான் மட்டும்தான்.

அவருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. சிறுவயதில் வந்த அம்மை பார்வையைக் கொண்டுபோயிருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் காய் தரம் பிரிக்கும் வேலை. மற்றவர்கள் கண்ணால் பார்த்துப் பிரிப்பதை அவர் விரலால் உருட்டிப் பிரிப்பார். அவர் பிரித்த குவியலை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

ஒருமுறை கேட்டுவிட்டேன். "அதென்ன, வருசா வருசம் ரெண்டாவது? கடைசியில மூச்சு வாங்குதா?"

"மூச்செல்லாம் இருக்கு கிளார்க்கண்ணே. முன்னால போறவன் கால் அடிக்கிற சத்தம்தான் எனக்குப் பாதை. அவனத் தாண்டிட்டா நான் எங்க போவேன்?"

மூன்று வருடமாக நான் எழுதிவந்த "இரண்டு" என்ற எண்ணின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

நான்காம் வருடம், முதலாவதாக வருபவரை மதுரைப் போட்டிக்கு அனுப்புவது என்று குழு முடிவு செய்தது. ஒருவரை மட்டும். அவர் என் மேசைக்கு வந்து படிவத்தை வாங்கிக்கொண்டு, "இந்தத் தடவ தாண்டப் போறேண்ணே" என்றார். எப்படி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கரையிலிருந்து யாரும் வழி சொல்லக் கூடாது என்ற விதியை மட்டும் நினைவூட்டினேன். "தெரியும்ணே" என்று சிரித்தார்.

போட்டியன்று காலை கண்மாய்க்கரையில் நின்று, தலையைச் சாய்த்து எதையோ தேடினார்.

"தொவைக்கிற சத்தத்தக் காணோமேண்ணே?"

எதிர்க்கரையில் மதகை ஒட்டி நீண்ட கல்சுவர் இருந்தது. அதைத் தொடுகிறவர்தான் வென்றவர். அதன் பக்கத்துப் படித்துறையில் விடிந்ததிலிருந்து துணி துவைப்பார்கள். கல்லில் துணி அறையும் சத்தம் இந்தக் கரை வரை கேட்கும். ஊருக்கு அது இரைச்சல். அவருக்குச் சுவர் இருக்கும் இடம். ஒரு மாதமாக அதைக் கேட்டு நீந்திப் பழகியிருக்கிறார்.

பரிசளிக்க ஒரு பெரிய அதிகாரி வருகிறார், அவர் கண்ணில் அழுக்குத்துணி படக்கூடாது என்று, அன்று யாரும் துவைக்கக் கூடாதென உத்தரவு போட்டிருந்தார்கள். உத்தரவை எழுதியவன் நான். "பொது நலன் கருதி" என்று தொடங்கியிருந்தேன். ரத்து செய்யக் கையெழுத்திட்டவரே மறுபடி கையெழுத்திட வேண்டும். அவரோ அதிகாரியை அழைத்துவர ரயிலடிக்குப் போயிருந்தார்.

"இன்னைக்கும் என் காலுக்குப் பின்னாடியே வா மாப்ளே" என்றார் போடிமெட்டுப் பாதையில் ஜீப்பு ஓட்டுகிறவர். மூன்று வருடமும் முதலாவதாக வந்தவர் அவர்தான். "மதுரை வரைக்கும் இழுத்துட்டுப் போறேன்."

"நீங்க மொதல்ல மதகு வரைக்கும் போங்கண்ணே" என்றார் இவர்.

விசில் ஊதினேன். பாதிக் கண்மாய் வரை எல்லாம் வழக்கம்போலத்தான். ஜீப்புக்காரர் முன்னால், இவர் அவர் காலடியில். பிறகு இவர் விலகி, வேகமெடுத்து, தாண்டினார். கூட்டம் கத்திய கத்தலில் மலை அதிர்ந்திருக்கும். பத்துக் கை போட்டிருப்பார். மெல்ல இடப்பக்கம் சாயத் தொடங்கினார். அந்தப் பக்கம் நாணலும் சேறும்தான். நான் வாயைத் திறந்தேன், விதி நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன்.

அப்போது நடுத்தண்ணீரில் நின்றுவிட்டார். மூழ்கப் போகிறார் என்று நினைத்துக் கூட்டம் மொத்தமும் வாயடைத்துப் போனது. அந்த அமைதியில் அவர் கையை உயர்த்தி, உள்ளங்கையால் தண்ணீரை ஓங்கி ஓர் அறை அறைந்தார். தலையைத் திருப்பினார். இன்னோர் அறை. எங்களுக்குக் கேட்டது அறை மட்டும்தான். அவருக்கு வேறு ஏதோ கேட்டிருக்கிறது. அதற்குள் ஜீப்புக்காரர் அவரைக் கடந்து போயிருந்தார். இவர் திசையை மாற்றிக்கொண்டு, நூல் பிடித்தாற்போல நேராகச் சுவரை நோக்கிப் போனார். ஜீப்புக்காரரை மறுபடி தாண்டி, ஒரு முழ வித்தியாசத்தில் முதலில் தொட்டார்.

எத்தனையோ கோப்புகளில் "வியப்பிற்குரியது" என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை அதுவரை வீணடித்திருக்கிறேன் என்று தோன்றியது.

ஜீப்புக்காரரின் மாமா உடனே ஆட்சேபம் எழுப்பினார். "தண்ணிய அடிச்சுச் சைக காட்டுறான்யா! எவனோ பதில் குடுத்திருக்கான்!"

குழுவில் ஒருவர் என்னைப் பார்த்தார். விதியைப் படித்தேன்: போட்டியாளர் வெளியாரிடமிருந்து எவ்வித உதவியும் பெறலாகாது. "கை அவருடையது" என்றேன்.

"சத்தத்தைத் திருப்பி அனுப்பிச் சுவர் உதவியிருக்கிறதே?" என்றார் குழுக்காரர்.

"சுவர் எல்லாருக்கும் பொதுவாகத்தான் நின்றது, ஐயா."

அதற்குள் ஜீப்புக்காரரே எழுந்துவிட்டார். "மாமா, சும்மா இருங்க. எனக்கு ரெண்டு கண்ணும் இருந்துச்சு, செவுரும் தெரிஞ்சுச்சு. கைதான் வரல. அவரையே அனுப்புங்க."

அன்று மாலை ஊரில் பாதிப் பேர் கண்மாயில் இறங்கித் தண்ணீரை அறைந்துகொண்டிருந்தார்கள். நானும் அறைந்தேன். சட்டை நனைந்தது, வேறொன்றும் கேட்கவில்லை.

மதுரைக்குப் புறப்படும் நாளில் ரயிலடியில் அவரிடமே கேட்டேன்.

"நான் நீந்தப் பழகுனது தோட்டத்துக் கெணத்துலண்ணே. அங்க தட்டுனா செவுரு பேசும். கண்மாயில பேசுமான்னு அன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது." பிறகு, "மதுரையில கர எப்படிண்ணே?" என்றார்.

"கரையே கிடையாது. சிமெண்டுத் தொட்டியாம். நாலு பக்கமும் சுவரு."

அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப கெணறுன்னு சொல்லுங்க" என்றார்.