பூட்ஸில் வந்த தோட்டாக் கூடு

மகள் கல்லூரித் துப்பாக்கிப் பயிற்சிக்கு நேற்று போட்டுப்போன பூட்ஸை வெயிலில் வைக்க எடுத்து உதறினேன். சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பித்தளைக் குழாய் விழுந்தது. தோட்டாவின் கூடு. வாய் திறந்திருந்தது, குண்டு போய்விட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். செல்போனில் படித்துத் தொலைத்தேன்.

தோட்டாவின் அடியில், நடுவே, பிரைமர் என்று சின்னக் கிண்ணம் ஒன்று இருக்குமாம். அதற்குள் அடிபட்டாலே பொறி கக்கும் மருந்து. துப்பாக்கியின் ஊசி அதைக் குத்த, பொறி பறந்து உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும். சுட்ட தோட்டாவில் ஊசி குத்திய குழி தெரியும். மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். நடுவில் வழவழவென்று இருந்தது. பிரைமர் உயிரோடு இருக்கிறது! பிறகு குண்டு எப்படிப் போனது என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

டிபன் டப்பாவில் அரிசி கொட்டி, அதற்குள் புதைத்து, கடலில் எறிந்துவிட ஸ்கூட்டரில் முகத்துவாரக்குப்பத்துக்குப் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் எனக்குப் பிறகு மகள் கல்யாணத்தை யார் நடத்துவார்கள் என்று கவலைப்பட்டேன்.

கரையில் ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"இத கடல்ல போட்டா ஆபத்து இல்லியே?"

"இன்னா சார் அது?"

"வெடிக்கலாம்."

"நல்லா கீதே! நீ போட்டுட்டு வூட்டுக்குப் பூடுவ. நாளிக்கு எங்க வலைல தான் வரும். மீனு வருதோ இல்லியோ, இது கரீக்டா வந்துரும்."

அப்போது மகள் அழைத்தாள். கையில் டப்பா இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, பூட்ஸ்ல காலிக் கூடு இருந்துதா? சுட்டது எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கணும். ஒண்ணு குறையுதுன்னு எல்லாரும் வெயில்ல புல்லுக்குள்ள தேடறாங்க. கெடைக்கலன்னா அடுத்த முகாமுக்கு என்னைச் சேத்துக்க மாட்டாங்க."

"அது காலி இல்லம்மா. நடுவுல குழியே இல்ல."

"ஐயோ அப்பா! இந்தச் சின்னத் தோட்டாவுல பிரைமர் தனியா கிடையாது. மருந்து விளிம்புக்குள்ளயே சுத்தி இருக்கும். ஊசி ஓரத்துலதான் குத்தும். ஓரத்தப் பாரு!"

நான் பார்ப்பதற்குள் வலைக்காரர் அரிசியைக் கிளறி எடுத்துவிட்டார்.

"தோ, ஓரத்துல குத்திகீதே. இதுக்கா நைனா இவ்ளோ பேஜாரு?"

நகம் பதிந்தாற்போல ஒரு சின்னத் தழும்பு.

பயிற்சி மைதானத்துக்கு விரைந்தேன். மகள் கேட்டுக்கு ஓடி வந்தாள். கூட்டில் சிக்கிய அரிசியை எடுக்க அதை வாயருகே வைத்து ஊதினாள். 'வீ' என்று விசில் கிளம்பியது. நான் ஸ்கூட்டருக்குப் பின்னால் குந்திவிட்டேன். புல்லுக்குள் தேடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அடுத்த முகாமுக்கு அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். என்னை மட்டும் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.