அளவெடுத்துக் கடைந்த மட்டை

எங்கள் பள்ளிக்கூடத்தில் பேஸ்பால் விளையாட உருப்படியான மட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அப்போது நான் ஏழாம் வகுப்பு. வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிற்கும் குள்ளச்சி. அத்தை மகளும் அதே வகுப்புதான். ஆனால் கடவுள் அவளுக்கு மட்டும் கை கால்களைத் தாராளமாகக் கொடுத்திருந்தார். அவள் மட்டையை வீசினால் பந்து மதில் தாண்டும். நான் வீசினால் பந்து போன பிறகுதான் மட்டை வரும். வந்த வேகத்தில் என்னையும் ஒரு சுற்று சுற்றிவிடும். அணியில் ஓர் இடம்தான் பாக்கி. எங்கள் இருவரில் ஒருத்தியைத் திங்கட்கிழமை எடுப்பதாக பி.டி. சார் சொல்லிவிட்டார். எனக்கு அந்த இடம் வேண்டும். சோறு இறங்காத அளவுக்கு வேண்டும்.

பழகுவதற்கென்று மட்டையை வீட்டுக்கு வாங்கி வந்து, சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருந்த சித்தப்பாவிடம் கொண்டுபோனேன். பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைகிறவர். நான் வீசுவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏங்கண்ணு, நீ மட்டையச் சுத்தறியா, மட்டை உன்னையச் சுத்துதா?"

டேப்பை எடுத்து என் உயரம், கை நீளம், இடுப்பு எல்லாம் அளந்து சுவரில் சாக்பீஸால் குறித்தார். நுனியில் நாலு விரற்கடை அறுத்துப்போட்டு, மட்டையை லேத்தில் மாட்டி இளைக்கக் கடைந்துவிட்டார். அது பள்ளிக்கூடத்து மட்டை என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை என் இடுப்பு திரும்பியதும் மட்டையும் கூடவே வந்தது. பத்துப் பந்தில் எட்டை அடித்தேன். விசிலும் நோட்டுமாக நின்ற சார் மட்டையைக் கவனிக்கவேயில்லை.

அடுத்து அவள். அதே மட்டையை வாங்கி, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று வீசினாள். பந்து மட்டைக்கு எட்டாமல் போனது. கிட்டே வந்து நின்றாள். அந்த நீளக் கைகளை மடக்க இடமில்லாமல், பந்து பிடியில் பட்டுக் காலடியிலேயே விழுந்தது. மட்டையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன அம்மணி, ஒடம்பு செரியில்லையா?" என்றார் சார்.

"கை வலிக்குதுங்க சார்."

என் பெயரை எழுதிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பெரிய மட்டை எனக்கு ஆகாததுபோலச் சின்ன மட்டை அவளுக்கு ஆகாது என்கிற சங்கதி என் மண்டையில் ஏறவே இல்லை. நிஜமாகவே கை வலி என்று நம்பி, பாவப்பட்டேன். சாயங்காலம் தைலப் புட்டியோடு அத்தை வீட்டுக்குப் போய் அழுத்தித் தேய்த்துவிட்டேன். அவளும் வேண்டாமென்று சொல்லாமல், கையை என் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.