பின்னோக்கிச் சுற்றிய அச்சு

1934-இல் மலாயாவில் சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வீரமுத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பால் வெட்டுக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். லாரியைத் தொடுவதற்கு முன்பே ஆபீஸ் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்து ஏச்சு வாங்கியவர். எதுவானாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிறவரை அவருக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷ மழையில், ஷீட் ரப்பர் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது லாரியின் பின் அச்சு முறிந்தது. இரண்டு வாரம் கழித்து, குளுவாங்கில் பழைய இரும்பு விற்கும் சீன முதலாளியான தவுக்கே ஒரு பழைய அச்சை அனுப்பிவைத்தார். இரண்டு சக்கரங்களோடு முழுசாக வந்து இறங்கியது.

"இன்னிக்கே மாட்டிடு வீரமுத்து. ஸ்டோர்ல ஷீட் குவிஞ்சு கெடக்கு, தொரை சத்தம் போடுறாரு" என்றார் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி.

"நாளைக்கு ஒரு நாள் குடுங்கய்யா. எந்த வண்டியில ஓடுனது, எப்படி ஓடுனதுன்னே தெரியல. பாக்காம மாட்ட முடியாது."

கிராணி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

முதலில் கயிற்றால் அகலம் அளந்தார். லாரிக்குச் சரியாக இருந்தது. எண்ணெயை வடித்து விரலால் தேய்த்துப் பார்த்தார். இரும்புத் தூள் இல்லை. உள்தண்டுகள் இரண்டையும் உருவி மண்ணெண்ணெய் பூசித் துடைத்து, மேலே சுண்ணாம்பு தடவிக் காயவைத்தார். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய மண்ணெண்ணெய் கசிந்து சுண்ணாம்பில் கறுப்புக் கோடு விழும். கோடு எதுவும் விழவில்லை. பிறகு தண்டுகளைத் திரும்பச் செருகி, அச்சை இரண்டு கட்டைகள் மேல் தூக்கிவைத்தார்.

பால் வெட்டிவிட்டு வந்த மனைவி பேச்சியம்மாளைக் கூப்பிட்டார். "அந்தச் சக்கரத்த அசையாமப் புடி. இந்தப் பக்கத்துச் சக்கரம் எப்படிச் சுத்துதுன்னு பாத்துச் சொல்லு."

இன்ஜினை ஹேண்டில் போட்டுச் சுற்றும் அதே திசையில், அச்சின் முன்கழுத்தைப் பிடித்துச் சுற்றினார். மூன்று சுற்றுக்கு ஒரு முறை சக்கரம் சுழன்றது. சத்தமில்லை, ஆட்டமில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பேச்சியம்மாள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஏங்க, லாரி அந்தப் பக்கமாத்தானே போவும்? இது இந்தப் பக்கமால்ல சுத்துது?"

வீரமுத்து எழுந்து வந்து பார்த்தார். மறுபடி சுற்றினார். சக்கரம் பின்னோக்கித்தான் சுழன்றது. அப்படியே மாட்டியிருந்தால் லாரி மூன்று கியரில் பின்னால் ஓடியிருக்கும். முன்னால் போக ரிவர்ஸ் கியர் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

"அலமாக்! பின்னாலயே ஓடுன வண்டி எது புள்ள?"

அவர் முகத்தில் கவலையே இல்லை. கண்கள்தான் பளபளத்தன.

நடுக்கூட்டைப் பிரித்தார். பெரிய பல்சக்கரம் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. யாரோ வேண்டுமென்றே கழற்றி எதிர்ப்பக்கம் பொருத்தியிருக்கிறார்கள். மரைகளில் ஸ்பேனர் பட்ட கீறல்கள் தெரிந்தன. அதைத் திருப்பி வைத்தார். பற்கள் ஒழுங்காகக் கடிக்கின்றனவா என்று பார்க்க நிறம் வேண்டியிருந்தது.

"ஒன் குங்குமச் சிமிழக் குடு."

"சாமி குங்குமத்தையா?"

"கொஞ்சம் போதும், எண்ணெயில கொழைக்கத்தான்."

திட்டிக்கொண்டே கொண்டுவந்தாள். பற்களில் பூசிச் சுற்றியதும் பற்களின் ஓரத்தில் மட்டும் சிவப்பு அழிந்தது; கடி சரியில்லை. பல்சக்கரத்தை நகர்த்த மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தார். பொழுது சாயும் நேரத்தில் பற்களின் நடுவே அழிந்தது. இந்த முறை சக்கரம் முன்னோக்கிச் சுழன்றதை அவளே சொன்னாள்.

மறுநாள் லாரி ரப்பரோடு மேடு ஏறியது. கிராணி கைதட்டினார். அச்சை மாற்றியது யார், எதற்காக என்று தெரியாமல் வீரமுத்துவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. தவுக்கேயைத் தேடிப்போய்க் கேட்டார். காஹாங்கில் ஒரு மர ஆலையில் வாங்கியது என்று தவுக்கே சொன்னார். அடுத்த ஓய்வு நாளில் பேச்சியம்மாளையும் அழைத்துக்கொண்டு காஹாங் போனார்.

காட்டோரத்தில் அந்த மரம் அறுக்கும் ஆலை இருந்தது. வாசலில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஆதம் பாய், வீரமுத்து கேட்டதும் சிரித்தார்.

"அந்த அச்சா? அது வண்டியில எங்க இருந்துச்சு! இன்ஜினோட சேத்து மரம் அறுக்குற வாள ஓட்ட வச்சிருந்தாங்க. வாள் எதிர்ப்பக்கமா சுத்துச்சு, அதத் திருப்ப பெல்ட்ட முறுக்கிப் போட்டா கழண்டுக்கும். அதான் உள்ள இருக்கறத மாத்திட்டாங்க."

"மாத்துனது யாரு பாய்?"

"தண்ணி எறைக்குற ஐயாசாமி. அதோ இருக்காரு."

கிணற்றடியில் வாளியோடு நின்றவரை நோக்கி வீரமுத்து ஓடினார். தேநீரை வாங்கிக்கொண்டு பேச்சியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர்கள் பேசி முடிக்க வெகுநேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.