குளிர் அறையில் ஒரு கைச்சூடு

என் தங்கச்சி புருஷனுக்கு ஆபீசில் வைத்திருக்கிற பேர் 'யோசனை'. மருந்து வைக்கிற கிடங்கில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். அதே கிடங்கில் குளிர் அறை என் பொறுப்பு. கல்யாணம் பேசும்போதே என் தங்கச்சியிடம், "ஒத்துவரலைன்னா என்ன பண்றதுன்னு யோசிச்சியா?" என்று கேட்ட ஆள். எனக்கு எரிச்சல். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கட்டிக்கொண்டாள்.

கம்ப்யூட்டர்கள் அடுத்தவன் காதில் விழாமல் பேசிக்கொள்ள உள்ளே ஒரு பூட்டு உண்டு. பாதுகாப்பு லைப்ரரி என்பார்கள். அதில் ஓட்டை இருக்கிறது, மாற்றாவிட்டால் எவனும் உள்ளே நுழையலாம் என்று சேதி வந்தது. மேனேஜர் உடனே மாற்றச் சொன்னார். இவரோ எந்தக் கம்ப்யூட்டர் எதோடு பேசுகிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு திரிந்தார்.

"வீட்டுப் பூட்டை மாத்த ஊரையே கேக்கணுமாய்யா?" என்றார் மேனேஜர்.

"வீட்டு ஆளுங்ககிட்ட புதுச் சாவி இருக்கான்னாவது கேக்கணும் சார்."

ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் வம்பில்லாமல் மாறின. கடைசியாக, குளிர் அறை வாசலில் உள்ளே எவ்வளவு குளிர் என்று காட்டுகிற கம்ப்யூட்டர். மாற்றிய பிறகும் நாலு டிகிரி, பச்சை விளக்கு. மேனேஜர் கிளம்பப் பார்த்தார்.

"மச்சான், உள்ள போய் குளிரை அளக்கிற அந்தக் குச்சியைக் கையில பிடிங்க. சூடு ஏறினா சைரன் அடிக்கணும்" என்றார் இவர்.

போய்ப் பிடித்தேன். சத்தமே இல்லை.

"பிடிச்சீங்களா?" என்று வெளியிலிருந்து கேட்டார்.

"விரலே மரத்துப்போச்சு மாப்ள."

வெளியே வந்து பார்த்தால் அதே நாலு டிகிரி, அதே பச்சை. குச்சியின் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற பெட்டி பழசு. புதுப் பூட்டு அதற்குப் புரியவில்லை, பேச்சை நிறுத்திவிட்டது. புது அளவு வராவிட்டால் கடைசியாக வந்ததையே காட்டும்படி எவனோ புண்ணியவான் திரையை அமைத்திருக்கிறான். குளிர் மெஷின் நின்று மருந்தெல்லாம் கெட்டாலும் பச்சைதான் எரியும். அப்புறம் எங்கள் ரெண்டு பேர் வேலையும் அம்பேல்.

மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். "பழசையே போட்டுடுய்யா."

"போட்டா ஓட்டையும் திரும்பி வரும் சார்."

மாப்பிள்ளை பழசையே போட்டார். ஆனால் எவனும் நுழைய முடியாதபடி, அதிலிருந்து வெளி உலகத்துக்குப் போகிற ஒயரைப் பிடுங்கிவிட்டார். என்னை மறுபடி உள்ளே அனுப்பினார். இந்தத் தடவை சைரன் காதைக் கிழித்தது.

ஒயர் இல்லாததால், புதுப் பெட்டி வரும்வரை மேனேஜர் போனில் அளவு தெரியாது. குளிர் அடிக்கிற அந்த வாசலிலேயே ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது யார் என்று யாரும் கேட்கவில்லை.

"என் பாட்டை யோசிச்சீங்களா மாப்ள?" என்றேன்.

"காலையிலயே யோசிச்சேன் மச்சான்" என்று பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து நீட்டினார்.