படுக்க வந்த பருந்துகள்

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கோணல்மாணலாக வரும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கு வந்த கோபம் மட்டும் மறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது ஹைதராபாத்தில், ஒரு ஐப்பசி மாதம். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷம். 2008 என்று மகள் சொல்கிறாள். என் வீட்டுக்காரர் போனபிறகு ஈரோட்டுப் பக்கத்தில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, ராமச்சந்திராபுரத்தில் மகள் வீட்டுக்கு வந்திருந்தேன். அங்கே எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. தெலுங்கு தெரியாது. காய்காரர் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட வந்தால் 'நக்கோ' என்று சொல்வேன், வேண்டாம் என்று அர்த்தம். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த ஹிந்தி.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு கூட்டத்தோடு பறவை பார்க்கப் போகிற பழக்கம். என்னைத் தனியாக விட மனமில்லாமல் கூட்டிப்போவார்கள். ஊருக்கு வெளியே மேற்கே, பிளாட் போட்டு விற்காமல் கிடந்த ஒரு பெரிய புல்வெளி. எல்லைக்கல் நட்டிருந்தார்கள், ஒரு வீடு கிடையாது. இடுப்பு உயரத்துக்குப் புல். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அங்கே பருந்துகள் வரும். பூனைப்பருந்து என்று பெயராம். இமயமலைக்கும் அந்தப் பக்கம், ருஷ்யா தேசத்திலிருந்து பறந்து வருகிறதாம். பருந்து என்றால் மரத்தில்தான் அடையும் என்று நினைத்திருந்தேன். இவை தரையில், புல்லுக்குள் போய்ப் படுக்கின்றன. பொழுது சாய்கிற நேரத்தில் ஒவ்வொன்றாகத் தாழப் பறந்து வந்து, இரண்டு சுற்று சுற்றி, பொத்தென்று புல்லுக்குள் இறங்கிவிடும்.

அந்த நேரத்தில்தான் எண்ண வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் வானத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள். அவரவர் எல்லைக்கல்லில் உட்கார்ந்து, தன் பக்கமாக உள்ளே வருவதை மட்டும் எண்ண வேண்டும். பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது. ஒரு வாரம் ஆள் குறைந்ததால் பனைமரத்துக்கும் கரண்டு டவருக்கும் நடுவில் இருக்கிற பக்கத்தை எனக்குக் கொடுத்தார்கள், அதிலிருந்து அது என் பக்கம். நான் புளியங்கொட்டை கொண்டுபோவேன். ஒரு பருந்து உள்ளே வந்தால் ஒரு கொட்டையை மடியில் போடுவேன். வந்தது திரும்பி வெளியே போனால் ஒன்றை எடுத்துவிடுவேன். வாய் பேசாமல் செய்கிற வேலை. எனக்குப் பிடித்துப்போச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் மேலதிகாரி வந்தார். சென்னைக்காரர். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று கணக்குப் போடுகிறவர்களில் அவரும் ஒருவர் என்று மகள் முதல் நாளே சொல்லிவைத்தாள். மாப்பிள்ளைதான் கூப்பிட்டிருந்தார். ஏன் கூப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

குற்றம் சொல்லக்கூடாது, மனுஷர் வந்ததும் என்னிடம்தான் முதலில் பேசினார். "வணக்கம்மா, இந்த வயசுல வந்து எண்ணுறீங்களே, கிரேட்மா" என்று சொல்லி, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். ரொம்ப நாள் கழித்து ஒரு வெளி ஆள் என்னோடு தமிழ் பேசினார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கழுத்தில் ஒரு முழ நீளத்துக்கு கேமரா.

பொழுது சாய்ந்தது. பருந்துகள் வர ஆரம்பித்தன. என் மடியில் ஒரு கை நிறையக் கொட்டை சேர்ந்துவிட்டது. புல்வெளி அடங்கி வருகிற நேரம், அந்த மனுஷர் எழுந்து தன் காருக்குப் போனார். டிரைவர் ஓட்ட, கார் புல்லுக்குள் வந்தது. பெரிய விளக்கு இரண்டும் எரிய, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு. புல் முழுக்க ஒரே சமயத்தில் எழுந்தது. அத்தனை பருந்தும். இவர் காரின் மேல்கூரையைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு படம் எடுத்தார்.

படுத்தவை எழுந்து இருட்டுகிற வானத்தில் சுற்றின. டவர் கம்பி என் பக்கத்தில்தான் இருந்தது. அதை ஒட்டி ஒட்டிப் போயின.

எங்கள் கூட்டத்தை நடத்துகிறவர் ஒரு பாங்கு அதிகாரி. அவர் தொண்டையைச் செருமி, "சார், ப்ளீஸ்" என்றார். அவ்வளவுதான். மாப்பிள்ளை குனிந்து தரையைப் பார்த்தார். படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். என்னைப் படித்தவர்களில் சேர்க்க வேண்டாம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பருந்துகள் பயம் தெளிந்து மறுபடி ஒவ்வொன்றாக இறங்கின. அப்பாடா என்று இருந்தது. அப்போது அந்த மனுஷர் கேமராவைப் பார்த்துவிட்டு டிரைவரிடம் ஏதோ சொன்னார். கார் மறுபடி உறுமியது.

"என்ன அம்மிணி, மறுக்காவும் எழுப்பறாங்களா?" என்று மகளைக் கேட்டேன்.

"ஒண்ணுதான் சரியா வந்துச்சாம். இன்னொண்ணு வேணுமாம். நீ பேசாம உக்காரும்மா."

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பயணம் வந்து படுத்தவர்களை எழுப்ப மாட்டோம். காபி ஆறினாலும் ஆறட்டும், சோறு ஆறினாலும் ஆறட்டும். நான் ரயிலேறி ஹைதராபாத் வந்த முதல் நாள், என் மகள் மத்தியானம் வரை கதவைக்கூடத் தட்டவில்லை. அப்படி வளர்ந்த பெண்ணும் அங்கேதான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுந்தேன். மடியிலிருந்த கொட்டையெல்லாம் புல்லில் சிதறியது. காருக்கு முன்னால் போய் நின்றேன். விளக்கு கண்ணில் அடித்தது, யாரும் தெரியவில்லை. டிரைவர் இருக்கிற பக்கமாகக் கையை ஆட்டி, "நக்கோ! நக்கோ!" என்று கத்தினேன்.

"ஒரே ஒரு ஷாட்மா," என்றார் மேலே இருந்து. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "தள்ளிக்கோங்க. பறவைங்கதானே, பறக்கத்தானே செய்யும்?"

எங்கள் பக்கத்தில் பால் ஊற்ற வரும் பையனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரரிடம் நாற்பது வருஷம் ஒரு சொல் அதட்டிப் பேசினதில்லை. அந்த வாயில்தான் வந்தது.

"ஏண்டா! எத்தன தூரம் பறந்து வந்து படுத்திருக்குதுக, உனக்குக் கண்ணு தெரியுதாடா? உங்கூட்டுல தூங்கறவங்கள இப்படித்தான் வெளக்கடிச்சு எழுப்புவியாடா?"

மகள் ஓடிவந்து, "அம்மா! அவர் யாருன்னு தெரியுமில்ல?" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. நகர்ந்தால் விழுந்திருப்பேன் என்பதும் உண்மை.

டிரைவர் விளக்கை அணைத்தார். பிறகு எஞ்சினையும் அணைத்தார். "அம்மா கடீ ஹை சாப், கைசே லேஜாவூம்?" என்றார். அம்மா நிற்கிறார்கள், எப்படி வண்டியை எடுப்பது என்று அர்த்தமாம். எனக்கு அப்போது புரியவில்லை. இருட்டு மட்டும் புரிந்தது. எவ்வளவு நல்ல இருட்டு!

திரும்பி வரும்போது மகள் அழுதாள். "இவர் வேலை போச்சுன்னா என்னம்மா பண்றது? வீட்டுக் கடன் ஓடிட்டிருக்கு" என்றாள். எனக்குக் கோபம் இறங்கி பயம் ஏறியிருந்தது. மாப்பிள்ளை வண்டி ஓட்டினார். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் கேட்டார். "அத்தை, கடைசியில உங்க பக்கம் எல்லாம் எறங்கிடுச்சா, பாத்தீங்களா?"

"தெரியலீங்க மாப்ளெ. இருட்டுல தெரியலீங்க."

"எறங்கியிருக்கும்," என்றார்.

மகளும் மாப்பிள்ளையும் அன்றைக்குத் தூங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை வந்து சொன்னார்: ஆபீசில் எல்லாரையும் கூட்டிவைத்து அந்த மனுஷர் இதைத்தான் சொல்லிச் சிரித்தாராம். "உன் மாமியார் செம டெரர்பா" என்றாராம். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மகள் சாமிக்கு விளக்கேற்றினாள். எனக்கு முன்னைவிடக் கோபம் வந்தது. எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவருக்கு அது சாப்பாட்டு நேரத்தில் சொல்ல ஒரு வேடிக்கை. இதற்கா அத்தனை பேரும் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள்?

அடுத்த வாரம் எண்ணப் போனோம். முன்பு வந்ததில் பாதிகூட வரவில்லை. டவருக்குக் கீழே பழுப்பு இறகுகள் சிதறிக் கிடந்தன. கம்பியில் அடிபட்டதோ, நாய் பிடித்ததோ, யாரால் சொல்ல முடியும்? மகள் ஒரு இறகை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

புது வருஷத்துக்கு அந்தக் கம்பெனி காலண்டர் போட்டது. மாப்பிள்ளைக்கும் ஒன்று கொடுத்தார்கள், ஹாலில் மாட்டினார்கள். நவம்பர் மாதத்துக்கு அந்தப் படம்தான். பருந்தெல்லாம் ஒன்றாக எழும்புகிறது, நல்ல செவ்வானம். கீழே இங்கிலீஷில் ஒரு வரி, 'உயரே பறப்போம்' என்று அர்த்தமாம். வருகிறவர்கள் புரட்டிப் பார்த்து ஆகா என்பார்கள். நவம்பர் பிறந்தபோது நான் அக்டோபர் தாளைத் திருப்பவில்லை. முப்பது நாளும் எங்கள் வீட்டில் அக்டோபர்தான். மாப்பிள்ளை ஒரு தடவை தேதி தப்பாகப் பார்த்து ஏமாந்தார். ஏன் திருப்பவில்லை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

கூச்சம் நல்ல குணம் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நல்லவர்கள் அத்தனை பேர் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்ததை அன்றைக்குப் பார்த்த பிறகு, எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது.

இப்போது நாங்கள் ஏ.எஸ்.ராவ் நகர் பக்கம் வந்துவிட்டோம். அந்தப் புல்வெளிக்குப் போய் ரொம்ப வருஷம் ஆகிறது. பருந்தின் பெயர், வருகிற தூரம் எல்லாம் மகள் சொன்னதை வைத்து எழுதியிருக்கிறேன். தப்பு இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் யாராவது, ஐப்பசியில் ஒரு சாயங்காலம், பனைமரத்துக்கும் டவருக்கும் நடுவில் இன்னும் வருகிறதா என்றும் பார்த்துச் சொன்னால் புண்ணியம். விளக்கு அடிக்காமல் பாருங்கள்.