நாலு துண்டு மாநிலம்

வடக்கே ஏதோ ஒரு மாநிலத்திலிருந்து எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்று தலைமையாசிரியை சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். பலிக்கவில்லை. "நீங்கதான சோஷியல் டீச்சர். நம்ம மாநிலத்தோட பொருளாதாரம், பண்பாடு, பாரம்பரியம் எல்லாத்தையும் சுருக்கமா சொல்லிடுங்க. ஒரு சார்ட்டும் போட்டுடுங்க" என்றார். சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். மாநிலம் என்பதே வாய்ப்பழக்கம்தான். நாங்கள் இருப்பது யூனியன் பிரதேசம்.

சார்ட்டை ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடம் கொடுத்தேன். பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கையும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே ஊர்போல வரைந்து கொண்டுவந்தார்கள். வேறெந்த ஊர்ப் பிள்ளையும் இந்தத் தப்பைச் செய்யாது.

"ஏன்டி, மாஹே கேரளாவுக்குள்ள இருக்கு, ஏனாம் ஆந்திராவுக்குள்ள இருக்கு. அதெல்லாம் பக்கத்துத் தெருவா?"

"நம்ம ஸ்டேட்தான டீச்சர்?"

"தள்ளித் தள்ளி வரைங்க."

"அப்ப நடுவுல என்னா போடுறது?"

"வெள்ளையா விடுங்க. அது நம்மளது இல்ல."

திரும்பி வந்த சார்ட்டில் நான்கு பச்சைத் துண்டுகள். மற்றதெல்லாம் வெறும் தாள். யாரோ வரைய ஆரம்பித்து மறந்துபோன மாதிரி இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளைகள் மேல் இல்லை.

என் கணவருக்கு விழுப்புரம் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் வேலை. ஆலையை யாரும் டிரான்ஸ்பர் செய்ய மாட்டார்கள். எனக்கு டிரான்ஸ்பர் உண்டு, ஆனால் இந்த நான்கு துண்டுகளுக்குள்தான். பாண்டிச்சேரி கிடைத்தால் இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். அங்கிருந்து அவர் தினமும் ஆலைக்குப் போய் வரலாம். கல்யாணமானதிலிருந்து நான் கேட்பது அந்த ஒன்றைத்தான். அங்கிருந்து யாராவது இங்கே காரைக்காலுக்கு வரச் சம்மதித்தால் மாற்றிக்கொள்ளலாம். பாண்டிக்காரர்களுக்கோ காரைக்கால் என்றால் நாடு கடத்தல். வந்தவர்களும் பெட்டியைப் பிரிப்பதற்குள் திரும்பிப் போக வழி பார்ப்பார்கள்.

வேலையை விட்டுவிடலாமே என்பீர்கள். அதை நெடுங்காட்டில் என் பிறந்த வீட்டில் சொல்லிப் பாருங்கள். என்னை மந்திரிக்கக் கூட்டிப்போய்விடுவார்கள். மேட்டூர்த் தண்ணீருக்காக வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருக்கும் வீடு அது. நாங்கள் கடைமடை, மேலே எல்லா வயலும் குடித்து மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. அந்த வீட்டில் தவறாமல் வருவது என் சம்பளம் ஒன்றுதான்.

எழுத உட்கார்ந்தேன். பொருளாதாரம் என்று எழுதியதுமே வாராவாரம் என் கணவர் வரும் பஸ்தான் கண்முன் வந்தது. சனிக்கிழமை பஸ்ஸில் அவருக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. திருநள்ளாற்றுக்குப் போகிறவர்கள் முன்னமே ஏறி உட்கார்ந்திருப்பார்கள். ஊர் உலகமெல்லாம் சனியைத் தொலைக்க இங்கே வருகிறது. நான் ஒருத்தி வாரம் முழுக்கச் சனிக்காகக் காத்திருக்கிறேன். ஞாயிறு மாலை அவர் திரும்பும் பஸ்ஸில் வேறு கூட்டம். இங்கே சரக்கு மலிவு என்று வந்தவர்கள் அவர் தோளில் சாய்ந்து தூங்குவார்கள். ஆற்றுப்பாலம் தாண்டியதும் தமிழ்நாட்டு செக்போஸ்ட். பெண்டாட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றால் யார் நம்புகிறார்கள்? பையைத் திறந்தால் நான் கட்டிக் கொடுத்த புளிசாதம் இருக்கும்.

காரைக்கால்மேட்டில் காலையில் ஏலம் போன மீன் அன்றைக்கே ஐஸ் பெட்டியில் ஏறிக் கேரளாவுக்குப் போய்விடுகிறது. மீனுக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் தேவையில்லை.

பண்பாட்டுக்கு மாங்கனித் திருவிழாவை எழுதினேன். சாமி வீதியுலா வரும்போது மாடியிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். பிடித்த பழத்தைத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. நானும் முட்டி மோதிப் பிடித்திருக்கிறேன். திருவிழா பௌர்ணமியைப் பார்த்து வருமே தவிர, எங்கள் வீட்டுக்காரர் லீவைப் பார்த்து வராது. புருஷன் விழுப்புரத்தில் இருக்க, பழம் மட்டும் என்ன செய்யும்? இதையெல்லாம் அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல முடியாது. பழம் இறைப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த வாரமே உடன் வேலை பார்க்கும் டீச்சர் போனில் கூப்பிட்டார். "உங்களுக்குப் பிரமோஷன் டீச்சர்! ட்ரீட் எப்ப?" எந்த ஊர் என்று கேட்டேன். "ஏனாம்" என்றார். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் இதே காரைக்கால், இதே வகுப்பு. இரண்டிலும் பாண்டிச்சேரி இல்லை.

சனிக்கிழமை அவர் வந்தார். "வாங்க. இன்னக்கியும் நின்னுக்கிட்டேவா?" என்று கேட்டு வடையைக் கொடுத்தேன். வடையும் கையுமாகத் தரையில் விரித்திருந்த சார்ட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"நீங்க இதுல இல்ல."

விரலைப் பாண்டிச்சேரிக்கு இடது பக்கம், வெற்றுத் தாளில் வைத்தார். "இங்க இருக்கேன். ஒட்டுனாப்லதான் இருக்கேன்." எண்ணெய் பட்டு அங்கே ஒரு வட்டம் விழுந்தது. திட்ட வாயெடுத்தவள் ஏனாம் விஷயத்தைச் சொன்னேன். சார்ட்டின் மேல் ஓரத்தில் கிடந்த அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போயேன். அதுவும் நம்ம ஸ்டேட்தான" என்று சிரிக்கப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏனாமுக்கு இந்தச் சனிக்கிழமை பஸ்கூடக் கிடையாது.

திங்கட்கிழமை பிரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

வடக்கத்திப் பிள்ளைகள் வந்தார்கள். நெல், மீன், கோயில், மாம்பழம் எல்லாம் சொன்னேன். கை தட்டினார்கள். முன்வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து வந்து சார்ட்டைக் கிட்டத்தில் பார்த்தாள். எண்ணெய் வட்டத்தைத் தொட்டுக்காட்டி, இது எந்த ஊர், இதற்கு மட்டும் ஏன் பச்சை அடிக்கவில்லை என்று கேட்டாள்.

"அது எங்கள் மாநிலம் இல்லை" என்றேன்.